அண்ணன் பிறந்த ஊர்

என் அண்ணன் பொதட்டூர்பேட்டையில் பிறந்தான். நான் திருவள்ளூரில் பிறந்தேன். ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனால் அரை நாளில் அந்த ஊருக்குப் போய்விடலாம். இன்றைக்கு இரண்டு ஊரும் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு மீசை நன்றாக வந்த வயதில் ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தது. திருத்தணியையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் சித்தூர் ஜில்லாவோடு சேர்த்து அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். பொதட்டூர்பேட்டையும் அதில் போனது. ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இருவரும் இரண்டு ராஜ்யங்களில் பிறந்தவர்கள் ஆனோம். அதனால் வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஆனது. காரணம் கால்பந்து.

அம்மாவுக்குப் பிறந்த வீடு பொதட்டூர்பேட்டை. தறி நெய்கிற குடும்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம், போனாள், அண்ணன் அங்கே பிறந்தான். இரண்டாவது பிரசவத்துக்கு யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. ஆனாலும் நான் அங்கே பிறக்க இருந்தவன்தான். மாமா கல்யாணம் நடந்தபோது அம்மா என்னை நிறைமாதமாகச் சுமந்துகொண்டு அங்கே போயிருந்தாள். இந்த வயிற்றோடு எதற்கு ரயிலில் அலைய வேண்டும், இருந்து பெற்றுக்கொண்டு போ என்று எல்லோரும் சொன்னார்களாம். அப்பாதான் கேட்கவில்லை. அவர் அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தார். அது நெல் வந்து குவிகிற சமயம். சோறாக்கிப் போட ஆள் இல்லை என்று போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த சில நாட்களில் நான் திருவள்ளூரில் பிறந்தேன். சின்ன வயதில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். ராஜ்யம் பிரிந்த பிறகு அம்மா அதைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அண்ணன்மேல் எனக்கிருந்த பொறாமை ராஜ்யம் பிரிவதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கியது. மாமாவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனுக்குத் தன் தறியில் நெய்த வேட்டியைக் கொண்டுவருவார், சிவப்புக் கரை போட்டது. எனக்குத் திருவள்ளூர் ரயிலடிக் கடையில் ஏதாவது வாங்கித் தருவார். அது விலையில் குறைந்தது இல்லை, சில தடவை கூடவே இருக்கும். ஆனால் கடையில் வாங்கியது. அண்ணனை யாருக்காவது காட்டினால், "இவன் என் ஊட்டுல பொறந்தவன்" என்பார். பக்கத்தில் நிற்கிற என்னைக் காட்டி, "இவன் சின்னவன்" என்பார். இரண்டுமே உண்மைதான். எங்கே பிறந்தான் என்பதில் அண்ணனுடைய கெட்டிக்காரத்தனம் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. யாரிடமும் கேட்டதில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர் திருவள்ளூரில் ஒரு கால்பந்து சங்கம் நடத்தினார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் சாயங்காலம் அங்கே ஆடினோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் மைதானம். பந்து சில நேரம் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விடும், சிக்னல் பார்த்துத்தான் எடுக்கப் போவோம். யாரிடமும் பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடுவோம். அண்ணன் முன்னால் ஆடுவான், இடது பக்கம். அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் ரயிலுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பின்னால் ஆடுகிற பேக், வலது பக்கம். பேக் ஒழுங்காக ஆடினால் யாருக்கும் தெரியாது. தப்புச் செய்தால்தான் பெயர் சொல்லிக் கத்துவார்கள். என் பெயரை அந்த மைதானத்தில் அதிகம் கத்தியதில்லை என்பதை நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ராஜ்யம் பிரிந்த அடுத்த வருஷம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். டிரில் மாஸ்டருக்குத் தெரிந்தவர். ஆந்திர ராஜ்யத்துக்குப் புதிதாக அணி சேர்க்கிறார்கள், எல்லையோர ஊர்களில் ஆள் தேடுகிறார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆட்டம் முழுவதும் அந்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு கோலுக்குப் பக்கத்தில், என் பக்கமாகவே நின்றார். முடிந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். அண்ணனிடம் போகவில்லை.

"நைனா, நீ எந்த ஊர்ல பொறந்தே?"

திருவள்ளூர் என்றேன்.

அவர் உச்சுக்கொட்டினார். முன்னால் ஓட நிறையப் பேர் இருக்கிறார்கள், பின்னால் நிற்கத்தான் சரியான ஆள் இல்லை என்று மாஸ்டரிடம் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். அப்பா அந்தப் பக்கத்து ஊர்க்காரரா, நீ எப்போதாவது அந்தப் பக்கம் குடியிருந்தாயா என்றெல்லாம் என்னைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பிறந்த ராஜ்யத்துக்கு ஆடலாம், இல்லாவிட்டால் குடியிருக்கிற ராஜ்யத்துக்கு ஆடலாம், இரண்டும் இல்லாமல் ஆட முடியாது, அதுதான் சட்டம் என்று மாஸ்டர் எனக்கு விளக்கினார். துணியை அவிழ்த்துக்கொண்டே அண்ணன் அங்கே வந்தான். நான் பொதட்டூர்பேட்டையில் பிறந்தவன்தான் என்று சும்மா, பேச்சோடு பேச்சாகச் சொன்னான். குடைக்காரர் முகம் மாறிவிட்டது. அவனுடைய தோளில் கை போட்டு மைதானத்தின் ஓரமாக நடத்திக்கொண்டு போனார். நான் பந்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அண்ணனுக்குச் சென்னை ராஜ்யத்து அணியையும் கேட்டுப் பார்க்கிற உரிமை இருந்தது. இந்த ஊரில் குடியிருக்கிறான் அல்லவா. எனக்குச் சென்னை மட்டும்தான். அந்த அணியில் பட்டணத்தில் பெரிய கம்பெனிகளுக்கு ஆடுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். திருவள்ளூர் மில்காரனை அங்கே யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அண்ணன் சாப்பிட உட்காரும்போது, இந்த ராஜ்யமா அந்த ராஜ்யமா என்று மிக்ஸர் பொட்டலம் எடுக்கிறவன் மாதிரி பேசுவான். அம்மா அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். அவன் கணுக்காலைப் பார்ப்பேன். என் கணுக்கால் மாதிரியேதான் இருக்கும்.

பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கத்துப் பிறப்புகளில் பாதி எழுதாமலே போயிருக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவர் கிராம முன்சீப் முன்னால் வந்து, ஆமாம், இவன் என் வீட்டில் பிறந்தவன் என்று சொன்னால் அவர் எழுதிக் கொடுப்பார். எங்கள் விஷயத்தில் அந்தப் பெரியவர் மாமாதான். டிரில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா ஒரு வார்த்தை கூட சேத்து சொன்னாருன்னா நீயும் அங்க பொறந்தவன்தான். எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணனோடு ரயில் ஏறினேன்.

ஆந்திர அணியில் ஆடுவது ஒரு பக்கம். அதைவிட மாமா வாயால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. இவனும் என் ஊட்டுல பொறந்தவன். பொய்யாகச் சொன்னாலும் பரவாயில்லை. திருவாலங்காடு தாண்டும்போது அதை மனதுக்குள் அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன்.

இங்கே மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர்களையெல்லாம் மறுபடி சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி அப்போது பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மாமா அதில் முழுக்க இறங்கியிருந்தார். ரயிலை மறித்து ஜெயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவர் இல்லாத நாட்களில் தறி சும்மா கிடந்தது. அப்படிப்பட்டவரிடம் போய், நான் ஆந்திர ராஜ்யத்தில் பிறந்தவன் என்று எழுதிக் கொடு என்று கேட்கப் போகிறோம். இது எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணனுக்குப் பயமே இல்லை. அவனுக்கு மாமா எதையும் மறுத்ததில்லை.

மாமா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏறி வந்தார். "இன்னாடா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்துக்கிறீங்கோ, மில்லு எரிஞ்சி பூட்ச்சா?" என்று சிரித்தார். அண்ணன் விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிக்கிற வரைக்கும் மாமா தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி உள்ளே, மூலையில் இருந்த இருட்டு அறையைப் பார்த்தார். அண்ணன் அந்த அறையில்தான் பிறந்தானாம்.

"பொறந்தது இங்கதான். அத்த நான் இல்லன்னு சொல்ல முடியுமா? முன்சீப்பு ஊட்டுக்கு வரேன், சொல்றேன்" என்றார்.

அப்போதுதான் அண்ணன் எனக்காகப் பேசினான். நான் கேட்கச் சொல்லவில்லை. அவனாகவே கேட்டான். அவன் நல்லவன், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாமா, இவனையும் சேத்து சொல்லிடேன். என்னைவிட இவன்தான் அவங்களுக்கு வேணுமாம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினேன்.

"இவன் எதுக்குடா? இவன் திருவள்ளூர்ல பொறந்தவன்" என்றார். பிறகு என்னிடமே பேசினார். "நைனா, இந்த ஊர்ல அவனவன் ரயிலுக்கு முன்னாடி போய்ப் படுக்கறான், எதுக்குன்ற? ஒனுக்குப் பொறந்தப்பவே கெடச்சிக்கீதே, அதுக்குத்தான். நீ இன்னாடான்னா அது வாணாம், என்னையும் இந்தப் பக்கம் எழுதிக்கோன்னு வந்து நிக்கிறே." கடைசியாக, "குடுத்து வெச்சவன்டா நீ" என்றார்.

என்னை யாரும் அதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அண்ணன் சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது நான் அப்படித்தான் பார்ப்பேன். என்மேலும் பொறாமைப்பட ஒரு மனிதர் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது அது இல்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போய்ச் செம்பை எடுத்தேன். அந்த மூலை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நூல் சிட்டங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

முன்சீப் வீட்டில் மாமா நின்றுகொண்டேதான் சொன்னார். முன்சீப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, எந்த ராஜ்யம் என்று போடுவது என்று வேண்டுமென்றே கேட்டார். அவருக்கு மாமாவைத் தெரியும். "ஊர் பேர எழுதுங்க. ராஜ்யத்த வேணுன்றவன் எழுதிக்கட்டும்" என்றார் மாமா. திரும்பி வரும்போது அண்ணனிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "ஆடு. ஆடாதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சட்டையப் போட்டுக்கினு ஆடிட்டு என் ஊட்டுப் படி ஏறாதே."

அண்ணன் ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாமா இவனை வீட்டுக்கு வராதே என்று சொல்கிற அளவுக்கு இவன்மேல் உரிமை வைத்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. என்னிடம் அவர் அப்படிச் சொல்லவே மாட்டார்.

அழுதாலும் அவன் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்திருந்தால் நான் அழாமலே போயிருப்பேன். பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபோது பூட்ஸ் கொண்டுவந்தான். கறுப்புத் தோல், அடியில் குமிழ் குமிழாகத் தோல் கட்டை அடித்தது. அவன் குளிக்கப் போன சமயத்தில் நான் அதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே கால். அம்மா பார்த்துவிட்டு, "கயிட்டி வெச்சிடுடா, அண்ணன் வரான்" என்று மட்டும் சொன்னாள்.

சென்னை அணிக்கும் ஆந்திர அணிக்கும் பட்டணத்தில் ஆட்டம் வந்தது. அன்று காலை மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முன்சீப் வீட்டு விஷயம் நடந்த பிறகு அவர் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு தடவை வந்து அம்மாவிடம் பேசிவிட்டு அண்ணன் வருவதற்குள் போனார். அன்றைக்கு, "நம்ம டீமு ஜெயிக்கறதப் பாக்கப் போறேன், வரியாடா?" என்று என்னைக் கேட்டார். நம்ம டீம் என்பதை அழுத்திச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போன முதல் பயணம் அது. திருநின்றவூரில் டீ வாங்கிக் கொடுத்தார். ரயிலில் சென்னை அணியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். யார் யார் ஆடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு நானும் அவரும் ஒரே பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். அதை நினைக்க நினைக்க மார்பு விரிந்தது.

மைதானத்தில் பலகை கேலரியில் இடம் கிடைத்தது. சுற்றிலும் பட்டணத்து ஆட்கள். ஆந்திர அணி வந்ததும் ஊளையிட்டார்கள். மாமாவும் கையை வாயில் குவித்து ஏதோ கத்தினார். அண்ணன் பூட்ஸ் போட்டு ஆடினான், ஆனால் அது இன்னும் அவனுக்குப் பழகவில்லை. நான் அவனை அதிகம் பார்க்கவில்லை. ஆந்திராவின் வலது பக்கத்து பேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தடித்த ஆள், திரும்புவதற்குள் மூச்சு வாங்கினான். சென்னைக்காரன் ஒருவன் அவனை இரண்டு பக்கமும் ஏமாற்றிக்கொண்டு போய் கோல் அடித்தான். கேலரி எழுந்து ஆடியது. மாமாவும் எழுந்து கை தட்டினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் அவனை உள்ளே விட்டிருக்க மாட்டேன். வெளிப்பக்கமாகவே ஒதுக்கிக் கோட்டுக்கு ஓட்டியிருப்பேன். இதை இன்று எழுதும்போதும் எனக்குச் சந்தேகமில்லை.

இடைவேளைக்குப் பிறகு அண்ணன் கால் பூட்ஸுக்குப் பழகிவிட்டது. நடுவில் பந்தை வாங்கினான். ஒருவனைத் தாண்டினான். திருவள்ளூரில் ரயிலுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த ஓட்டம். கேலரியில் சத்தம் அடங்கியது. என் தொடையில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. மாமாவின் கை. அவர் என்னைப் பார்க்கவில்லை, பிடித்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. "அடிடா, அடிடா" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னார். அண்ணன் அடித்தான். பந்து கோல் கட்டைக்கு மேலே போய்விட்டது.

எங்களுக்கு முன் வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருவன் சிரித்தான். "ஆந்திராக்காரனுக்குக் கோலு எங்க கீதுன்னே தெரில" என்றான்.

மாமா எழுந்துவிட்டார். "யார்ராவன் ஆந்திராக்காரன்னு சொன்னது? அவன் பொறந்தது என் ஊட்லடா."

அந்த ஆள் சண்டைக்காரன் இல்லை. திரும்பிப் பார்த்து, சாவகாசமாக, "கோச்சிக்காத பெர்சு. அப்ப நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

நம்ம டீம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தவர் அப்போது அதைச் சொல்லவில்லை. மைதானத்தைப் பார்த்தார். அண்ணன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மாமா மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப இவரு?" என்று அந்த ஆள் என்னைக் காட்டினான்.

"இவனா?" மாமா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவன் திருவள்ளூரு. உங்க ஆளு."

முன் வரிசைக்காரன் முகம் மலர்ந்துவிட்டது. "நம்மாளா? அப்டி சொல்லு" என்று சொல்லி, நகர்ந்து எனக்குத் தன் பக்கத்தில் இடம் காட்டினான். நான் நகரவில்லை. அவன் விடவில்லை, பின்னால் எட்டி என் கையைப் பிடித்து விரித்து ஒரு பிடி வேர்க்கடலையை வைத்தான். சூடாக இருந்தது. மாமாவுக்கு நீட்டினேன். அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டம் முடியும் வரைக்கும் ஒவ்வொன்றாக உடைத்து நானே தின்றேன்.